ஏற்காட்டில் டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை: ஒரு நீள பீப், மூன்று குட்டி பீப். மதர்போர்டு போய்விட்டதா?

நாகலூர்_காப்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். ஆட்களின் வாரக் கூலி, மிளகு எடை, காப்பிப் பழம் எடுத்த கணக்கு எல்லாம் ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. சில நாட்களாக இங்கே விடாத மழை, மேகம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது, மேசை மேல் வைத்த பேப்பர் கூட நமத்துப் போகிறது. லீவு முடிந்து வந்து மெஷினை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க லைட் எரிகிறது, ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை, சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அதுவும் தூங்கிவிடுகிறது. கேபினெட்டுக்குள் இருந்து பீப் சத்தம் மட்டும் கேட்கிறது. நீளமாக ஒன்று, அப்புறம் குட்டியாக மூன்று, கொஞ்சம் நின்று மறுபடி அதே மாதிரி.

சேலத்தில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். நான் பாதி சொல்லும்போதே "போர்டு போயிருக்கும், கொண்டு வாங்க, மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். நானே இணையத்தில் தேடிப் பார்த்தால் ஒரு பட்டியலில் டிஸ்பிளே கார்டு கோளாறு என்று இருக்கிறது, இன்னொன்றில் ரேம், அதாவது மெஷினின் தற்காலிக நினைவகம், என்று இருக்கிறது. இந்த மெஷினில் தனி டிஸ்பிளே கார்டே கிடையாது, மானிட்டர் ஒயர் நேராகப் போர்டில்தான் சொருகியிருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், போர்டு மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அதனால் இறங்கும் முன்பே என்ன கோளாறு என்று ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை கூலி போட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கணக்குக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான் பெரிய பயம்.

ஐந்துரோடு_சர்வீஸ் எழுதியது:

முதலில் பயத்தை விடுங்கள் தம்பி. ஹார்ட் டிஸ்க் பக்கம் மெஷின் இன்னும் போகவே இல்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டது. கணக்கு அப்படியே இருக்கும். அவசரம் என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் போட்டுக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, "போர்டு போயிருக்கும்" என்று போனிலேயே சொன்னது. அதை நான் ஏற்க மாட்டேன். பீப் சத்தம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் நீங்களும் ஏற்க மாட்டீர்கள். ஆன் செய்ததும் ப்ராசஸர் முதலில் பயாஸ், அதாவது மெஷினை எழுப்பும் புரோகிராம், இருக்கும் சிப்பில் எழுதியிருப்பதைப் படித்து, ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் திரை தயாராகியிருக்காது, அதனால் கோளாறு இருந்தால் எழுத்தில் காட்ட முடியாது. அதற்காகத்தான் 1981ல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலிருந்தே ஸ்பீக்கர் வழியாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இதை யோசித்துப் பாருங்கள்: ஒன்று நீளமாக, மூன்று குட்டியாக என்று ஒழுங்காகக் கணக்கு வைத்து ஒலி எழுப்ப வேண்டும் என்றால் கரண்டு வர வேண்டும், ப்ராசஸர் ஓட வேண்டும், பயாஸ் சிப் நன்றாக இருக்க வேண்டும், போர்டில் பெரும்பகுதி வேலை செய்ய வேண்டும். இறந்துபோன போர்டு பீப் அடிக்காது. உங்கள் மெஷின் உயிரோடு இருக்கிறது, எங்கே வலிக்கிறது என்றும் சொல்கிறது. அதைக் கேட்காமலே போர்டை மாற்று என்பது எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த இரண்டு பட்டியலும் சரிதான். பீப் மொழி எல்லாப் போர்டுக்கும் ஒன்று கிடையாது, பயாஸ் எழுதிய கம்பெனியைப் பொறுத்து மாறும். ஒரு நீளம் மூன்று குட்டி என்பது ஏஎம்ஐ பயாஸில் ரேம் கோளாறு. அதுவே அவார்டு பயாஸில் டிஸ்பிளே. அசூஸ் போர்டில் ஒரு நீளம் மூன்று குட்டி என்றால் டிஸ்பிளே கார்டு தெரியவில்லை, ஒரு நீளம் இரண்டு குட்டி என்றால் ரேம் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு நீளம் இரண்டு குட்டி அவார்டில் டிஸ்பிளே. 5 பீப்பை எடுத்துக்கொள்ளுங்கள், டெல் மெஷினில் அது கடிகார பேட்டரி தீர்ந்தது, ஏஎம்ஐயின் பழைய பட்டியலில் ப்ராசஸர். ஒன்றில் சில்லறைச் செலவு, இன்னொன்றில் மெஷினையே தள்ளிவிடலாமா என்ற யோசனை. பீனிக்ஸ் பயாஸ் இன்னும் வேறு மாதிரி, 1-2-2-3 என்று இடைவெளி விட்டு விட்டு நான்கு கொத்தாக அடிக்கும். அதனால் எத்தனை பீப் என்று எண்ணுவதற்கு முன் யாருடைய பயாஸ் என்று பாருங்கள். நன்றாக இருந்த காலத்தில் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் என்ன பெயர் வந்தது? நினைவில்லை என்றால் போர்டில் பயாஸ் சிப் மேல் ஸ்டிக்கர் இருக்கும், அதுவும் இல்லை என்றால் போர்டின் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். கேபினெட்டின் பக்கவாட்டில் போனை வைத்து, மூன்று நான்கு சுற்று முழுவதும் வரட்டும். காதால் கேட்கும்போது முதல் பீப்பைத் தவற விட்டுவிட்டு நடுவிலிருந்து எண்ணுபவர்கள் நிறைய. சத்தம் கேபினெட்டிலிருந்துதான் வருகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். ஏற்காட்டில் மழை நாளில் கரண்டு எப்படி இருக்கும் என்று தெரியும், பக்கத்தில் இருக்கும் யுபிஎஸ் அடிக்கும் பீப்பை மெஷின் பீப் என்று எண்ணிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

தறிக்காரன்_அம்மாபேட்டை எழுதியது:

சர்வீஸ் அண்ணன் சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். என் வீட்டில் சேலை டிசைன் போடும் மெஷின், தறி ஓடும் கூடத்துக்கு அடுத்த அறையில் இருக்கிறது. அதில் பீப் வந்தது, ஆனால் ஆன் செய்யும்போது வரவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று உச்சக் குரலில் விட்டு விட்டுக் கத்தும், அப்புறம் தானாக அணைந்துவிடும். அது ரேமும் இல்லை, கார்டும் இல்லை, சூடு. ப்ராசஸர் மேல் சூட்டை இழுக்க இருக்கும் ஹீட் சிங்கில் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு காற்றே போகவில்லை. ஃபேனைக் கழற்றி, அந்தப் பஞ்சைத் துண்டாகவே பிய்த்து எடுத்தேன். அதற்குப் பின் சத்தம் இல்லை. ஆகவே பீப் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஆன் செய்த சில நொடிகளில் வருவது ஒரு ரகம், ஓடிக்கொண்டிருக்கும்போது வருவது வேறு ரகம். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி வீடுகளில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டாவது ரகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

நாகலூர்_காப்பி எழுதியது:

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, இருவருக்கும் நன்றி. யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தேன், சத்தம் கேபினெட்டிலிருந்துதான். பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டேன், ஒரு நீளம் மூன்று குட்டி என்பதில் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் ஆன் செய்தால் ஒரு முக்கோண வடிவப் படமும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற பெயரும் வரும். அதுதான் ஏஎம்ஐயா? மூடியைத் திறந்து பார்த்தேன், ரேம் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் 4 ஜிபி டிடிஆர்3 என்று எழுதியிருக்கிறது. இனி எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

ஐந்துரோடு_சர்வீஸ் எழுதியது:

அதுதான் ஏஎம்ஐ. அப்படியென்றால் ரேம் பக்கம்தான் கை காட்டுகிறது, உங்கள் ஊர் ஈரத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியமும் இல்லை. மலையிலிருந்து வரும் மெஷின்களில் ரேம் கால்களில் இருக்கும் தங்கப் பூச்சு மங்கலாகி, மேலே மெல்லிய படலம் படிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் சிக்னல் போகாது. லீவில் சில நாள் மூடிக் கிடந்து, சூடே இல்லாமல் குளிர்ந்து போயிருந்தால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகச் செய்யுங்கள். பவர் ஒயரை மெஷினிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, போர்டில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் கரண்டு இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டின் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக மேலே எழும்பும், இழுக்க வேண்டாம். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், மஞ்சள் கால்களில் விரல் படக்கூடாது, வியர்வை படிந்தால் அதுவே அடுத்த கோளாறு.

இரண்டையும் எடுத்துவிட்டு, ரேமே இல்லாமல் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். இது சிலருக்கு விநோதமாகத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் முதல் சோதனை. பீப் அடித்தால் ப்ராசஸரும் பயாஸும் வேலை செய்கின்றன என்பது மறுபடி உறுதியாகிறது. ரேமே இல்லாமல் பீப் அடிக்க முடியும், அந்தக் கட்டத்தில் பயாஸ் தன் சிப்பிலிருந்தே நேரடியாக ஓடும். அப்புறம் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கால்களைச் சுத்தம் செய்து, ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். இரண்டு கிளிப்பும் தானாக 'டக்' என்று மூடும் வரை சமமாக அழுத்த வேண்டும். ஒருபக்கம் மட்டும் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதாலேயே பாதிப் பேருக்கு மறுபடி பீப் வருகிறது. முதல் ரேமை முதல் ஸ்லாட்டில், அடுத்து இரண்டாவது ஸ்லாட்டில், பிறகு இரண்டாவது ரேமை அதே மாதிரி. ஒவ்வொரு முறையும் என்ன சத்தம் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ரேமைப் பின்தொடர்ந்து கோளாறு வந்தால் ரேம்தான் குற்றவாளி, எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் அந்த ஸ்லாட்.

லேப்_இன்சார்ஜ்_ஓமலூர் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கல்லூரி லேபில் இந்த வேலையைத்தான் தினமும் செய்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, சுத்தம் செய்வது. எல்லோரும் பென்சில் ரப்பரை எடுத்துத் தேய்ப்பார்கள். தேய்த்தால் சரியாகும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அது போய்க் கீழே இருக்கும் உலோகம் வெளியே வந்துவிடும், அப்புறம் ஏற்காட்டு ஈரத்தில் முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும். ரப்பர்த் தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் ஒரு பாட்டில் தருவார்கள், அதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். மலை மேல் அது கிடைக்கவில்லை, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் வெள்ளை ரப்பரால் லேசாக ஒரு முறை, தூளை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைத்துத் தட்டிவிட்டு. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும், மென்மையான பிரஷ் போதும்.

இரண்டாவது, ரேம் பீப் என்றால் ரேம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய போர்டுகளில் ரேமைக் கவனிக்கும் கன்ட்ரோலர் தனி சிப்பாகப் போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003லும் இன்டெல் 2008லும் அதை ப்ராசஸருக்குள்ளேயே வைக்கத் தொடங்கின. எனவே அதற்குப் பிந்தைய மெஷின்களில் ரேமிலிருந்து போகும் கம்பிகள் நேராக ப்ராசஸரின் சாக்கெட்டுக்குத்தான் போகின்றன. இன்டெல் போர்டின் சாக்கெட்டில் முடி போல இருக்கும் ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தாலும், ஹீட் சிங்கை ஒருபக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலும், நல்ல ரேமுக்கே ரேம் பீப் அடிக்கும். லேபில் மாணவர்கள் ப்ராசஸரைக் கழற்றி மாட்டிய மறுநாள் இப்படி வந்தால் நான் ரேமைத் தொடவே மாட்டேன், நேராகச் சாக்கெட்டைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். நாகலூர் நண்பரின் மெஷினைக் கோளாறுக்கு முன் யாரும் திறக்கவில்லை, மழைக்குப் பின் தானாக வந்தது, அதனால் அவருக்கு ரேம் கால்கள் என்ற கணிப்பே சரி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லா ஸ்லாட்டிலும் எல்லா ரேமுக்கும் ஒரே பீப் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், சாக்கெட்டைத் தானே பிரிக்கக் கூடாது.

தறிக்காரன்_அம்மாபேட்டை எழுதியது:

ஒரு கேள்வி. என் மச்சான் வீட்டுப் புது மெஷினில் திரையும் வரவில்லை, பீப்பும் வரவில்லை. அப்போது போர்டு போய்விட்டது என்றே அர்த்தமா?

லேப்_இன்சார்ஜ்_ஓமலூர் எழுதியது:

இல்லை. முதலில் அந்தக் கேபினெட்டில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது விற்கும் பல கேபினெட்டுகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே வருவதில்லை, போர்டு பீப் அடிக்கத்தான் பார்க்கிறது, அடிக்க வாய் இல்லை. போர்டின் ஓரத்தில், பவர் பட்டன் ஒயர் மாட்டும் ஊசிகளுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் என்று எழுதிய நான்கு ஊசி இடம் இருக்கும். குட்டி பஸ்ஸர் ஒன்று வாங்கி அதில் சொருகினால் போதும், விலை மிகக் குறைவு, நான் என் சட்டைப் பையிலேயே ஒன்று வைத்திருக்கிறேன். சில புதுப் போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் பதில் சிபியூ (ப்ராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (டிஸ்பிளே), பூட் என்று நான்கு குட்டி லைட் இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. பஸ்ஸரும் மாட்டி, ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்தும் ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் எஸ்எம்பிஎஸ் (கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), ப்ராசஸர், போர்டு என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வரிசையில்தான், ஏனென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பது சுலபம். ப்ராசஸருக்குப் பக்கத்தில் தனியாகப் போகும் 12 வோல்ட் ஒயரை மாட்ட மறந்திருந்தாலும் ஃபேன் மட்டும் சுற்றும், வேறு ஒன்றும் நடக்காது. புதிதாக அசெம்பிள் செய்த மெஷினில் அதை முதலில் பாருங்கள்.

நாகலூர்_காப்பி எழுதியது:

நல்ல செய்தி. ஏற்காடு டவுனில் மொபைல் கடைக்காரரிடம் ஐபிஏ கொஞ்சம் வாங்கி வந்தேன். ரேமைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்றின் கால்கள் பளிச்சென்று இருந்தன, இன்னொன்றில் ஓரத்தில் சில கால்கள் புகை படிந்த மாதிரி மங்கல், அதன் நடுவே ஒரு இடத்தில் பச்சைப் புள்ளி. துடைத்த பஞ்சில் பழுப்பாக இறங்கியது. ரேம் இல்லாமல் ஆன் செய்தபோது பீப் அடித்தது. நல்ல ரேமை முதல் ஸ்லாட்டில் போட்டதும் ஒரே ஒரு குட்டி பீப், திரை வந்துவிட்டது! இரண்டாவது ஸ்லாட்டிலும் அதே. அந்தப் பச்சைப் புள்ளி ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரு நீளம் மூன்று குட்டி. எத்தனை துடைத்தும் மாறவில்லை. அதனால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு 4 ஜிபியிலேயே ஓட்டுகிறேன், கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் கணக்கு அத்தனையும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்து என்று நிற்கிறது, தேதி பல வருடம் பின்னால் போய்க் கிடக்கிறது. இது புதுக் கோளாறா?

ஐந்துரோடு_சர்வீஸ் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. போர்டுக்குக் கேட்ட காசு மிச்சம்.

தேதி போனது புதுக் கோளாறு இல்லை. போர்டில் வட்டமாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். மெஷின் பிளக்கிலேயே இருந்தவரை அது தீர்ந்தது வெளியே தெரியவில்லை, இப்போது ஒயரைப் பிடுங்கியதும் தெரிந்துவிட்டது. எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி புதியதைப் போட்டு, பயாஸில் தேதியைச் சரி செய்து சேமித்துவிடுங்கள். கூலிக் கணக்கு போடும் முன் இதைச் செய்யுங்கள், பழைய தேதியில் ஃபைல் சேர்ந்தால் பின்னால் தேடும்போது தலைவலி.

ரேம் வாங்கும்போது ஒதுக்கி வைத்த அதே ரேமைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டிடிஆர்3ல் 1333, 1600 என்று வேகம் இருக்கும், டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, வெட்டு இருக்கும் இடம் வேறு. டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பழசுதான் கிடைக்கும், அதில் தப்பில்லை, ஆனால் போட்ட அன்று இரவு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசப் புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து விடிய விடிய ஓட விடுங்கள். பீப் அடிக்காத ரேம் எல்லாம் நல்ல ரேம் இல்லை. ஆன் செய்யும்போது பயாஸ் மேலோட்டமாகத்தான் பார்க்கும். மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதை வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெஷினைச் சன்னலிலிருந்து நகர்த்தித் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் லீவு நாளிலும் யாராவது போய்க் கொஞ்ச நேரம் ஓட விட்டால் உள்சூட்டில் ஈரம் தங்காது. பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், துணி போதும். இடி மின்னல் என்றால் பவர் ஒயரோடு நெட் ஒயரையும் பிடுங்குங்கள், மலையில் மின்னல் அந்த வழியாகவும் வரும். சனிக்கிழமை கூலி போட்டு முடித்ததும் அந்தக் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.